யார் உங்களுக்காகப் பேசுவார்?

விண்ணப்பத்தின் கடைசியில் அவசரமாக எழுதப்படும் இரண்டு பெயர்கள் வேலையைப் பெற்றுத் தரலாம், கைக்கு வந்த வேலையைக் கெடுக்கவும் செய்யலாம். அவற்றைத் தேர்ந்தெடுப்பதிலும் தயார் செய்வதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பெயர், படிப்பு, அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம் எல்லாம் ஒழுங்காக எழுதியாகிவிட்டது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. 'உறவினர் அல்லாத, உங்களை அறிந்த இருவரின் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி எண்.' பெரும்பாலோர் இங்கே செய்வது ஒன்றுதான். தமக்குத் தெரிந்தவர்களில் மிகப் பெரிய பதவியில் இருப்பவர் யார் என்று யோசிக்கிறார்கள். அப்பாவின் நண்பரான ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், கல்லூரி முதல்வர் ஒருவர். பெயர்களை எழுதி முடித்து விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறார்கள். பெயர் எழுதப்பட்டவர்களுக்கு அந்த விஷயமே தெரியாது.

கொச்சி நகரின் வடகிழக்கு விளிம்பில் உள்ள களமசேரியில் இந்தக் கட்டத்தை நிரப்பும் கைகள் அதிகம். 1971-ல் தொடங்கி இன்று குசாட் என்று அழைக்கப்படும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ., அரசு மருத்துவக் கல்லூரி என்று படிப்பிடங்கள் இங்கே நெருக்கமாக இருக்கின்றன. எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலை 1960-களில் இங்கு வந்தது. புது நிறுவனங்களுக்கான பெரிய வளாகம் ஒன்று 2019-ல் திறக்கப்பட்டது. பக்கத்தில் ஏலூர், எடையாறு ஆலைகள். படிப்பை முடித்தவர், வேலை மாற நினைப்பவர், ஆலை மூடியதால் வேலை தேடுபவர், வெளிநாட்டுக்குக் கிளம்பும் நர்ஸ் என்று எல்லோரும் இந்த ஒரே ஊரில் கிடைக்கிறார்கள். 2017 ஜூனில் மெட்ரோ ரயில் வந்த பிறகு நேர்முகத் தேர்வுக்குப் போய்வருவது சுலபமாகிவிட்டது. ஆனால் 'உங்களைப் பற்றி யாரிடம் கேட்கலாம்?' என்ற கேள்விக்கு பதில் சொல்வது சுலபமாகவில்லை.

சிபாரிசு வேறு, ரெஃபரன்ஸ் வேறு

குழப்பம் ஒரு சொல்லில் ஆரம்பிக்கிறது. தமிழில் சிபாரிசு, மலையாளத்தில் சுபார்ஷ, இந்தியில் சிஃபாரிஷ். பாரசீகத்திலிருந்து வந்த இந்தச் சொல் நம் நாட்டு மொழிகளில் ஊறிப்போய்விட்டது. சிபாரிசு செய்பவருக்கு அதிகாரம் இருந்தால் போதும். விண்ணப்பதாரரின் வேலையை அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. 'நம்ம பையன், பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி சொன்னால் வேலை முடிந்தது. அதில் அவர் செலவழிப்பது தன் செல்வாக்கை.

ரெஃபரன்ஸ் என்பது இதற்கு நேர் எதிர். அங்கே கேட்கப்படுவது சாட்சியம். இவர் என்ன வேலை செய்தார், எத்தனை நாள் செய்தார், எப்படிச் செய்தார், மறுபடி வாய்ப்பு கிடைத்தால் இவரை எடுத்துக்கொள்வீர்களா? கண்ணால் பார்த்தவர்தான் இதற்கு பதில் சொல்ல முடியும். செல்வாக்குள்ளவரின் பெயரைச் சாட்சியின் இடத்தில் எழுதும்போதுதான் விபத்து நடக்கிறது. கம்பெனியிலிருந்து போன் வருகிறது. 'அவரா? நல்ல குடும்பத்துப் பையன். அவருடைய அப்பாவை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்' என்று பெரியவர் சொல்கிறார். எதிர்முனையில் இருப்பவர் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார். விண்ணப்பதாரரின் வேலையைப் பற்றி அவருக்கு ஒரு தகவல்கூடக் கிடைக்கவில்லை. வேலையைப் பற்றிப் பேச இவருக்கு ஆள் இல்லை போலிருக்கிறது என்ற சந்தேகம்தான் மிச்சம்.

வியாபாரிகளுக்கு இந்த வித்தியாசம் எப்போதோ தெரியும். கொச்சியிலேயே மட்டாஞ்சேரி மிளகு வியாபாரத்துக்குப் பேர்போன இடம். இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தக சங்கம் 1957-லிருந்து அங்கே மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடத்தியது. எந்தச் சந்தையிலும் புதியவருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விசாரிப்பு நடக்கும். அப்போது அவருடைய ஜாதகத்தையும் குடும்பப் பெருமையையும் யாரும் கேட்பதில்லை. அவரோடு முன்பு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்து, பணம் சொன்ன தேதிக்கு வந்ததா என்று கேட்கிறார்கள். வேலைக்கு எடுப்பவர் கேட்பதும் இதே கேள்விதான்.

கொச்சிக்கு வடக்கே பெரிய ஆலைகள் வந்தபோது விசாரிப்பு காகிதத்துக்கு மாறியது. ஏலூரில் உள்ள ஃபாக்ட் உரத் தொழிற்சாலை 1943-ல் பதிவானது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயரின் ஊக்கமும், திருச்சி சேஷசாயி சகோதரர்களின் நிர்வாகமும் அதன் தொடக்கத்தில் இருந்தன. 1947-ல் உற்பத்தி ஆரம்பித்தது. இத்தகைய ஆலைகளில் ஊர் தெரிந்தவர் சொன்னால் போதும் என்று இருக்க முடியாது. எங்கிருந்தோ வந்த ஃபிட்டருக்கும் கெமிஸ்டுக்கும் எழுத்தில் சான்று தேவைப்பட்டது. அனுபவச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து என்று ஒரு காகித உலகமே உருவாயிற்று. ஆனால் காகிதத்துக்குப் பின்னால் இருக்க வேண்டியது அப்போதும் ஒரு மனிதரின் சொல்தான்.

முப்பது ரூபாய் வேலைக்கு ஒரு கடிதம்

நல்ல ரெஃபரன்ஸ் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1912-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி, சென்னை துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு ஓர் இளைஞர் தலைமைக் கணக்கருக்கு விண்ணப்பம் எழுதினார். வயது 24. மெட்ரிகுலேஷன் தேறியவர். எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். பட்டம் கிடையாது. கல்யாணமாகிவிட்டது, நிரந்தர வருமானம் இல்லை. பெயர், சீனிவாச ராமானுஜன்.

விண்ணப்பத்தோடு சென்னை மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஈ.டபிள்யூ.மிடில்மாஸ்ட் எழுதிய சிபாரிசுக் கடிதம் இருந்தது. பெயர்தான் சிபாரிசு, உள்ளே இருந்தது சாட்சியம். இந்த இளைஞருக்குக் கணிதத்தில் அசாதாரணமான திறமை இருக்கிறது என்றார் பேராசிரியர். அத்தோடு நிறுத்தவில்லை. எண்களைக் கையாள்வதில் இவருக்கு இயல்பான வேகம் உண்டு, கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர் என்றும் எழுதினார். துறைமுகக் கணக்குப் பிரிவுக்கு உபயோகமான வாக்கியம் இந்த இரண்டாவதுதான். குமாஸ்தாவைத் தேடுபவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைச் சொன்னார். மார்ச் 1-ஆம் தேதி மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் ராமானுஜன் வேலையில் சேர்ந்தார்.

அந்தக் கடிதம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன்பே ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்திருக்கிறார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமஸ்வாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் பார்த்த ஐயர், இந்தத் திறமையைத் தாலுகா ஆபீசில் புதைக்க மனமில்லாமல் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொன்ன பி.வி.சேஷு ஐயர் வழியாக அவர் நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச காலம் ராவ் தன் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார்.

வேலையில் சேர்ந்த பிறகும் சாட்சிகள் கூடினார்கள். துறைமுகத் தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இருவரும் அவருக்காகப் பேசினார்கள். 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாத அவருக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியின் பாராட்டும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

இதில் ராமானுஜனின் மேதைமை தனிக் கதை. அது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவர் செய்த மூன்று காரியங்களை யாரும் செய்யலாம். தன் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்களிடம் காட்டினார். கேட்கும் வேலைக்குப் பொருந்துகிற கடிதத்தை விண்ணப்பத்தோடு வைத்தார்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

முதல் விதி: பதவி எவ்வளவு பெரியது என்பதைவிட உங்கள் வேலையை எவ்வளவு அருகில் பார்த்தார் என்பதே முக்கியம். ஜெனரல் மானேஜருக்கு உங்கள் பெயர் மட்டும் தெரியும். ஷிப்ட் இன்சார்ஜுக்கு நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் பழுதான பம்பை எப்படிச் சரி செய்தீர்கள் என்று தெரியும். கேட்பவருக்கு வேண்டியது அந்த இரண்டு மணிக் கதைதான்.

இரண்டாவது விதி: ஒரே மாதிரி மூன்று பேர் வேண்டாம். உங்களுக்கு வேலை கொடுத்தவர் ஒருவர், உங்களோடு சரிசமமாக வேலை செய்தவர் ஒருவர், உங்கள் வேலையால் பயன் பெற்றவர் ஒருவர் என்று அமைந்தால் நல்லது. மூன்றாமவர் ஒரு வாடிக்கையாளராக இருக்கலாம், இன்னொரு துறையின் தலைவராகவும் இருக்கலாம். படிவம் இரண்டு பெயர் கேட்டாலும் நாலு பேரைத் தயாராக வைத்திருங்கள். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் விசாரணை வரும் வாரத்தில்தான் நடக்கும்.

மூன்றாவது விதி: சமீபத்தில் உங்களைப் பார்த்தவர் வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய மேலதிகாரி பாராட்டினால், இடையில் என்ன ஆயிற்று என்ற கேள்விதான் எழும்.

வேலை அனுபவமே இல்லாதவர் என்ன செய்வது? களமசேரியில் இதற்கு ஒரு பதில் கண்ணெதிரே இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல அப்ரன்டிஸ் பயிற்சி வாரியமும் களமசேரியில் உள்ள கேரள அரசின் மேற்பார்வையாளர் மேம்பாட்டு மையமும் சேர்ந்து பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் ஓராண்டு பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் முகாம்களை நடத்தி வந்திருக்கின்றன. 1961-ஆம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் நடக்கும் பயிற்சி இது. உதவித்தொகை கொஞ்சம், வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் சான்றிதழைத் தவிர இன்னொரு சொத்தும் கிடைக்கிறது. தினமும் உங்களைப் பார்த்த ஒரு சூப்பர்வைசர். பயிற்சி முடியும் கடைசி நாளில் கேக் வெட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவரிடம் போய், 'சார், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயரைக் கொடுக்கலாமா?' என்று கேட்கிறவர்கள் குறைவு.

பயிற்சியும் இல்லாத மாணவர்கள் புராஜெக்டை மேற்பார்த்த ஆசிரியரின் பெயரைக் கொடுக்கலாம். வகுப்பில் அறுபது பேரில் ஒருவராக உங்களைப் பார்த்தவரைவிட, ஆய்வுக்கூடத்தில் நாலு பேரில் ஒருவராகப் பார்த்தவர் மேல். பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக் கொடுத்த கடையின் முதலாளி, டியூஷன் சென்டரை நடத்துபவர் இவர்களெல்லாம் முறையான சாட்சிகள்தான். வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆலை மூடிவிட்டால்? எடையாறில் இருந்த துத்தநாக ஆலை 2014-ல் நின்றது. இது போல மூடப்பட்ட ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு விசாரிக்க ஒரு பர்சனல் பிரிவே இருக்காது. களமசேரி புது நிறுவன வளாகங்களிலும் இதே பிரச்னை வேறு உருவத்தில் வரலாம். இரண்டு வருஷம் ஓடிய கம்பெனி ஒரு நாள் பலகையைக் கழற்றிவிடும். கம்பெனி போனாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். உங்கள் மேலதிகாரி இன்று எங்கே வேலை செய்கிறார் என்று கண்டுபிடித்து, அவருடைய பழைய பதவியையும் இன்றைய பதவியையும் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். கம்பெனி எந்த வருஷம் மூடியது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

தற்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய மேலதிகாரியின் பெயரை அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். நீங்கள் வேலை தேடுகிறீர்கள் என்ற செய்தியை அவர் மூன்றாம் நபரிடமிருந்து கேட்க நேரும். 'வேலை உறுதியான பிறகு மட்டும் தற்போதைய நிறுவனத்தை அணுகவும்' என்று விண்ணப்பத்தில் எழுதுவது வழக்கமான ஒன்றுதான். யாரும் தவறாக நினைப்பதில்லை.

கேட்பது எப்படி?

'என் பெயரைக் கொடுத்துக்கோ' என்று சொல்பவர்கள் எல்லோரும் நல்லபடி பேசிவிடுவார்கள் என்று இல்லை. நம் ஊரில் முகத்துக்கு நேரே மறுப்பவர்கள் குறைவு. அதனால் மறுப்பதற்கு வழி விட்டுக் கேட்பது புத்திசாலித்தனம். 'இந்த வேலைக்கு என்னைப் பற்றி நிறைவாகச் சொல்ல முடியும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? நேரமில்லை என்றால் பரவாயில்லை, நான் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்.' இதற்கு உடனே சரி என்று வந்தால் நிம்மதி. இழுத்தாற்போல பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவது நல்லது. அரை மனதாகச் சொல்லப்படும் நல்ல வார்த்தை போனில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

சம்மதம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. அவரைத் தயார் செய்ய வேண்டும். உங்கள் பயோடேட்டாவின் பிரதி, வேலை விளம்பரத்தின் பிரதி, நீங்கள் அவரிடம் வேலை செய்த தேதிகள், அப்போது செய்த இரண்டு மூன்று முக்கியமான காரியங்கள். இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். 2019-ல் உங்களோடு சேர்த்துப் பதினைந்து பேரை மேய்த்த ஒரு மானேஜருக்கு எல்லாம் நினைவில் இருக்காது. நீங்கள் சேர்ந்தது ஜூனா, ஆகஸ்டா என்று அவர் தடுமாறினால், உங்கள் பயோடேட்டாவே சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் எழுதிக் கொடுக்கக் கூடாது. நடந்ததை நினைவுபடுத்தலாம், நடக்காததைச் சொல்லச் சொல்லக் கூடாது. இந்தக் கோடு தெளிவாக இருக்க வேண்டும்.

மொழியையும் யோசியுங்கள். களமசேரியில் வேலை பார்த்தவருக்குச் சென்னையிலிருந்தோ புனேயிலிருந்தோ விசாரணை வரும். உங்கள் ஃபோர்மன் மலையாளத்தில் அருமையாகப் பேசுவார், ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார் என்றால், எழுத்தில் கேட்கும்படி கம்பெனியிடம் சொல்லலாம். எந்த நேரத்தில் அழைத்தால் பேசலாம் என்பதையும் குறித்துக் கொடுங்கள். ஷிப்டில் இருப்பவர் பகல் பதினோரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று முன்கூட்டிச் சொல்லி வைப்பது அவசியம். இன்று தெரியாத எண் என்றால் பாதிப் பேர் எடுப்பதே இல்லை.

காகிதம் பேச வேண்டிய இடம்

சில வேலைகளில் மனிதரின் சொல் மட்டும் போதாது. கேரளத்து நர்ஸுகளுக்கு இது நன்றாகத் தெரியும். துபாய், சவூதி அரேபியா, கத்தார் போன்ற இடங்களில் சுகாதாரத் துறை உரிமம் வேண்டுமென்றால், சான்றிதழைக் கொடுத்த நிறுவனத்திடமே நேரடியாக விசாரிக்கும் 'மூலச் சரிபார்ப்பு' நடக்கிறது. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. நீங்கள் வேலை செய்த மருத்துவமனைக்கு அவர்கள் எழுதுவார்கள். அங்கே பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டாலோ, பதிவேட்டில் உள்ள தேதி சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டாலோ காத்திருக்க வேண்டியதுதான். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் குறைந்தது மூன்று வருஷத்து வேலை அல்லது பயிற்சி வரலாற்றைச் சரிபார்க்கின்றன. இடைவெளி இருந்தால் விளக்கம் கேட்கின்றன. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் 2022 நவம்பரில் கொச்சியில் நடத்திய பிரிட்டன் வேலை வாய்ப்பு முகாம் போன்றவற்றுக்குப் போகிறவர்கள் இந்தக் காகிதங்களை முன்பே சேர்த்து வைத்திருந்தால் பிழைத்தார்கள்.

எல்லோராலும் அப்படிச் சேர்த்து வைக்க முடிந்ததில்லை. 2011, 2012-ஆம் வருஷங்களில் கேரளத் தனியார் மருத்துவமனைகளில் நர்ஸுகள் தொடர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளம் மட்டும் பிரச்னையாக இருக்கவில்லை. பாண்டு எழுதி வாங்குவதும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் குற்றச்சாட்டுகளில் சேர்ந்திருந்தன. சான்றிதழைத் திருப்பித் தராவிட்டால் ஒரு நர்ஸின் பல வருஷ உழைப்புக்குச் சாட்சியே இல்லாமல் போகிறது.

சட்டம் முழுவதும் கைவிட்டுவிடவில்லை. 1946-ஆம் வருஷத்து மத்திய விதிகளில் இருந்த மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளி வேலையிலிருந்து நீங்கும்போது, நீக்கப்பட்டாலும்கூட, சேவைச் சான்றிதழ் பெற உரிமை உண்டு என்று சொல்லின. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நியமனக் கடிதம் கொடுப்பது அவற்றில் கட்டாயம். இந்தக் கடிதத்தைச் சேரும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளன்று வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால், கையெழுத்துப் போட வேண்டியவர் மாறியிருப்பார்.

வருங்கால வைப்பு நிதிக்கு 2014-லிருந்து ஒரே எண் வந்துவிட்டது. எந்த மாதம் எந்தக் கம்பெனி பணம் கட்டியது என்ற வரலாறு அதில் இருக்கிறது. பயோடேட்டாவில் தேதியை நீட்டி எழுதுபவர்கள் அதிகமாக மாட்டுவது இங்கேதான். ரெஃபரன்ஸ் சொல்பவர், சான்றிதழ், வைப்பு நிதிக் கணக்கு மூன்றும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கிய போலி அனுபவச் சான்றிதழ் இந்த மூன்று கேள்வியைத் தாண்டாது. வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சண்டையோடு பிரிந்திருந்தால்

எல்லோரும் மாலை மரியாதையோடு விடைபெறுவதில்லை. மேலதிகாரியோடு தகராறு, நோட்டீஸ் காலத்தில் மனக்கசப்பு என்று எத்தனையோ நடக்கும். அந்தக் கம்பெனியைப் பயோடேட்டாவிலிருந்து அழிப்பது சரியான வழியல்ல. இடைவெளி கண்ணை உறுத்தும். அதே கம்பெனியில் உங்களை நன்றாகப் பார்த்த இன்னொருவரைத் தேடுங்கள். பக்கத்துப் பிரிவின் தலைவர், தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர், உங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போன சீனியர் யாராவது இருப்பார். நேர்முகத் தேர்வில் கேட்டால், 'அவரோடு எனக்கு இந்த விஷயத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. என் வேலையைப் பற்றி இன்னார் சொல்வார்' என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பழைய முதலாளியைத் திட்டுவது புதிய முதலாளியின் காதுக்கு இனிக்காது.

பழி சொல்லும் கடிதம் எழுதுபவரையும் சுடலாம். பிரிட்டனில் ஓர் இன்ஷூரன்ஸ் விற்பனையாளரைப் பற்றி அவருடைய முன்னாள் நிறுவனம் கொடுத்த மோசமான ரெஃபரன்ஸால் அவருக்கு வேறு வேலை கிடைக்காமல் போனது. 1994-ல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை, ரெஃபரன்ஸ் எழுதும் முதலாளிக்குக் கவனத்தோடு எழுத வேண்டிய கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இன்று பல பெரிய கம்பெனிகள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகிய மூன்றையும் மட்டும் உறுதி செய்து நிறுத்திக்கொள்கின்றன. உங்கள் கம்பெனியும் அப்படியென்றால் கவலை வேண்டாம், எதிர்முனையில் இருப்பவருக்கும் அது தெரியும். ஆனால் அங்கே உங்களைப் பற்றிச் சொந்த முறையில் பேச ஒருவர் இருப்பது அப்போது இன்னும் அவசியமாகிறது.

நல்லவர் என்றால் போதுமா?

ரெஃபரன்ஸை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 வருஷத்து ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். வேலையில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதோடு செயல்முறைத் தேர்வுக்கு உள்ள தொடர்பு 0.54. ஒழுங்குபடுத்திய நேர்முகத் தேர்வுக்கு 0.51. ரெஃபரன்ஸுக்கு 0.26 மட்டும். காரணத்தை ஊகிக்கலாம். எல்லோரும் தன்னைப் புகழ்பவர் பெயரைத்தான் கொடுக்கிறார்கள். புகழ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. 'நேர்மையானவர், கடின உழைப்பாளி, பழகுவதற்கு இனியவர்' என்ற மூன்று சொற்களும் எல்லாக் கடிதத்திலும் இருந்தால் அவற்றுக்கு எடை ஏது?

பெண்களுக்கு இதில் கூடுதல் நஷ்டம் உண்டு. ஒரு பெரிய அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் பணிக்கு வந்த முன்னூறுக்கும் மேற்பட்ட சிபாரிசுக் கடிதங்களை ஆராய்ந்து ஃபிரான்சிஸ் ட்ரிக்ஸ், கரோலின் செங்கா இருவரும் 2003-ல் வெளியிட்ட கட்டுரை, பெண்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் சராசரியாகச் சிறியவை என்று கண்டது. ஆண்களுக்கு ஆராய்ச்சியும் திறமையும் பேசப்பட்டன. பெண்களுக்கு உழைப்பும் ஆசிரியப் பணியும் முன்னால் வந்தன. நம் ஊர் நிலைமை அதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. 'ரொம்ப அடக்கமான பெண்' என்பது எந்த இன்ஜினீயருக்கும் தகுதிச் சான்று அல்ல. ரெஃபரன்ஸ் கொடுப்பவருக்கு நீங்கள் தரும் அந்த ஒரு பக்கக் குறிப்பு இங்கே உதவும். நீங்கள் குறைத்த செலவு, சரி செய்த இயந்திரம், பயிற்சி கொடுத்த ஆட்களின் எண்ணிக்கை கண்ணெதிரே இருந்தால், பேச்சு அடக்கத்திலிருந்து வேலைக்குத் திரும்பும்.

ரெஃபரன்ஸ் கேட்டு வருபவர்களுக்கு சம்மதம் சொல்லும் மேலதிகாரிகளுக்கும் இதே அறிவுரைதான். ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். எப்போது, என்ன பிரச்னை, இவர் என்ன செய்தார், முடிவு என்ன. பத்துப் பாராட்டுச் சொற்களை விட அது எடை கூடியது. சொல்ல மனமில்லாவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தலையாட்டிவிட்டு போனை எடுக்காமல் இருப்பதால் ஒருவருடைய வேலை போகிறது.

கடைசியாக, பலர் மறந்துபோகும் விஷயம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்களுக்காகப் பேசியவரிடம் முடிவைச் சொல்லுங்கள். கிடைத்தால் அவரும் சந்தோஷப்படுவார். கிடைக்காவிட்டால் அடுத்த முறை இன்னும் அக்கறையோடு பேசுவார். வேலை தேடும்போது மட்டும் ஞாபகத்துக்கு வருபவரின் பெயர் இரண்டாவது தடவை கொடுக்கத் தகுதியற்றதாகிவிடும். ஓணத்துக்கோ பொங்கலுக்கோ ஒரு போன், வேலை மாறினால் ஒரு தகவல், இவ்வளவு போதும்.

அப்ரன்டிஸாக இன்று ஒரு தொழிற்சாலை வாசலில் நுழைபவர் தன் முதல் சாட்சியை அங்கேதான் சந்திக்கப் போகிறார். சொன்ன நேரத்துக்கு வருவது, லாக் புக்கை ஒழுங்காக எழுதுவது, தெரியாததைக் கேட்பது, செய்த தவறை மறைக்காமல் இருப்பது. விண்ணப்பத்தின் அந்தக் கடைசிக் கட்டம் நிரம்ப ஆரம்பிப்பது அன்றைக்குத்தான்.